எல்லாரும் ஒரே சாயல்

ஜனவரி 11, ஞாயிறு

பாத்திரக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கடைக்கு ஒரு டைரி தருகிறார்கள். அது எங்கே போகும் என்று தெரியாது. இந்த வருஷம் நானே எடுத்து வைத்துக்கொண்டேன். காரணம் என் மனைவி பூங்கோதை. ஞாயிறு தவறாமல் படத்துக்குப் போகிறேன், புதன்கிழமைக்குள் கதையை மறந்துவிடுகிறேன் என்று கேலி செய்கிறாள். இனிமேல் எழுதி வைக்கப் போகிறேன்.

இன்று பார்த்தது குடும்பப் படம். மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு தோட்டம், ஒரு அம்மா. முதல் பாதி முழுக்க அழுகை. இரண்டாம் பாதியில் அதே அழுகை மழையில் நனைந்துகொண்டு. அந்த அம்மாவாக நடித்தவர் பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு படத்தில் நர்ஸாக வந்து ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போனவர். திரையில் வந்த உடனே பூங்கோதையிடம் சொன்னேன். நட்சத்திரங்களை ஊருக்கே தெரியும். அவர்களுக்குப் பின்னால் தட்டு ஏந்தி நிற்பவனை எனக்குத் தெரியும். அதுதான் என் பெருமை. அவள் பேசாமல் படத்தைப் பாருங்கள் என்றாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன வாரம் அந்தியூரிலிருந்து எங்கள் மகள் வாணியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் திருப்தி. பையன் மிதுன், கோயமுத்தூரில் இன்ஜினியர். வாணியும் அங்கேதான் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறாள். பையனுடைய அப்பா அர்த்தநாரி மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். அளந்து பேசுகிற மனிதர். மாசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஜனவரி 20, செவ்வாய்

கடையில் ஏணியில் ஏறி அண்டா எடுக்கும்போது தலை சுற்றியது. இடது பக்கம் வெல்டிங் வைத்த மாதிரி வெளிச்சப் பூச்சி பறந்தது. மரகதம் பிடித்து உட்கார வைத்து சோடா வாங்கிக் கொடுத்தாள். எங்கள் கடையில் ரொம்ப நாளாக வேலை பார்க்கிறவள், வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கல்யாண வேலை வரும் நேரத்தில் எதற்கு ஒரு பயம். பின்னந்தலை வலிக்கிறது. தூங்கினால் சரியாகும்.

ஜனவரி 21, புதன்

வலி போய்விட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

போலீஸ் படம். இப்படி ஒரு குழப்பமான படத்தை நான் பார்த்ததில்லை. கொலைகாரனைப் பிடித்துவிட்டார்கள் என்று எழுந்தேன். பூங்கோதை உட்காருங்கள், அது இன்ஸ்பெக்டர் என்றாள். யூனிஃபார்ம் போட்டிருக்கும்வரை கதை புரிகிறது. சாதாரணச் சட்டையில் வந்தால் எவன் போலீஸ், எவன் திருடன் என்று தெரியவில்லை. டைரக்டர் ஒரே அச்சில் வார்த்த ஆட்களாகப் பார்த்து நடிக்க வைத்திருக்கிறார். படத்தில் நிறமும் இல்லை. எல்லாம் சாம்பல் பூசின மாதிரி. அப்படி எடுப்பதுதான் இப்போது பாணியோ என்னவோ.

வெளியே வரும்போது தூணில் இடித்துக்கொண்டேன். இடது தோள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பேய்ப் படம். இது பரவாயில்லை. வீட்டில் குடியிருக்கிற நான்கு பெண்களும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் பேய் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சேலையில் வந்தது. படத்தில் தெளிவாகத் தெரிந்த ஒரே ஆள் பேய்தான். அது வரும்போதெல்லாம் தியேட்டரே அலறியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

செம்புக் குடம் கேட்டவருக்குப் பித்தளைக் குடத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மரகதம் மாற்றிக் கொடுத்தாள். ட்யூப் லைட் மாற்ற வேண்டும்.

பூங்கோதை புதுச்சேலை கட்டினால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டலாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரட்டை வேடப் படம். கிராமத்தில் ஒருவன், சிங்கப்பூரில் ஒருவன். இருவரும் நேருக்கு நேர் சந்திக்கும்போது தியேட்டரில் விசில். இதில் விசிலடிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு பேர் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறார்கள், அவ்வளவுதானே. யார்தான் அப்படி இல்லை?

பிப்ரவரி 12, வியாழன்

இன்று மனம் சரியில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் பூங்கோதை ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, நேத்து அந்தியூர்க்காரரு பஸ் ஸ்டாண்டுல உங்களப் பாத்துச் சிரிச்சாராமா. நீங்க மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டீங்களாமா?"

நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனது உண்மை. பார்சல் எடுக்கப் போனேன். யாரோ ஒருவர் சிரித்தார். எனக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. எங்கள் கோபி பஸ் ஸ்டாண்டில் அப்படி எத்தனை பேர் நிற்பார்கள்?

கவனிக்கவில்லை என்றேன். சம்பந்தி ஆகப் போகிறவரையே கவனிக்காமல் அப்படி என்ன யோசனை என்று கேட்டாள். அவர் வீட்டம்மா போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம், ஆனால் அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்விட்டு வந்துவிடலாம் என்று முடிவு.

பிப்ரவரி 15, ஞாயிறு

படம் இல்லை. அந்தியூர் போனோம். நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஆப்பிள், மாதுளை, ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு போனோம். கூடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் வெள்ளைச் சட்டை, இருவருக்கும் மீசை. பெரிய நாற்காலியில் இருந்தவர்தான் அர்த்தநாரி என்று பட்டது. வீட்டுக்காரர்தானே பெரிய நாற்காலியில் உட்காருவார்? நேராகப் போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"மனசுல எதும் வெச்சுக்காதீங்க சம்பந்தி. அன்னிக்கு நான் கவனிக்கலீங்க" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எங்களுக்கு வாணி ஒரே பெண், உங்கள் வீட்டில் அவள் வாழ வருவது எங்கள் பாக்கியம் என்றெல்லாம். என் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சொன்னார்.

"அவரு எங்கண்ணனுங்க."

குரல் கேட்டதும் தெரிந்துவிட்டது. அர்த்தநாரியின் குரல். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இவ்வளவு நேரம் அந்த மனிதர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் அவருடைய அண்ணன் கையைப் பிடித்து அழுதிருக்கிறேன்.

காபி வந்தது. குடித்தோம். கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். பூங்கோதையைப் பார்த்துத்தான் பேசினார். "ஒரு தடவன்னா கவனிக்கலீன்னு சொல்லலாமுங்க. ஊட்டுக்கே வந்து, நானிருக்கப்பவே இப்படின்னா, இதுக்கு என்ன அர்த்தம்? பெரிய எடம் பாத்துட்டீங்கன்னா சொல்லீருங்க, நாங்க வெலகிக்கறோம்."

பஸ்ஸில் பூங்கோதை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் என்ன சொல்ல? எனக்கே ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்தேன். கடைசி வரியிலிருந்த பொடி எழுத்தைக்கூடப் படித்துவிட்டேன். கண்ணில் குறை இல்லை, இதே கண்ணாடி போதும் என்றான் அந்தப் பையன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நிச்சயத்தை மாசியில் வைக்க முடியாது என்று அந்தியூரிலிருந்து தகவல். காரணம் சொல்லவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

தனியாகப் போய் கார்ட்டூன் படம் பார்த்தேன். சின்னக் குழந்தைகளோடு நான் ஒருவன். ஒரு யானை, ஒரு நரி, நொண்டி நடக்கும் ஒரு கொக்கு, மூன்றும் சேர்ந்து கடலைத் தேடிப் போகின்றன. அருமையான படம். ஒரு இடத்தில்கூடக் குழப்பம் இல்லை. யானை கடைசிவரை யானையாகவே இருக்கிறது. பெரியவர்களுக்குப் படம் எடுக்கிறவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கொக்கு பிரிந்து போகும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த குழந்தை எனக்குப் பாப்கார்ன் நீட்டியது.

பிப்ரவரி 28, சனி

வாணி வந்திருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கினவள் "அப்பா" என்று கூப்பிட்டாள், போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். மிதுன் தினமும் பேசுகிறானாம். அவனுக்கு ஒன்றும் கோபம் இல்லையாம். அவன் அப்பாதான் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாராம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று வாணி கேட்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது தெரிந்தது.

மார்ச் 1, ஞாயிறு

மூன்று பேரும் படத்துக்குப் போனோம். வாணிதான் டிக்கெட் எடுத்தாள். சரித்திரப் படம். இரண்டு ராஜாக்கள் சண்டை. கிரீடத்தின் உயரத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொண்டேன். உயரமான கிரீடம் நல்லவன், குட்டைக் கிரீடம் கெட்டவன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் கிரீடத்தைக் கழற்றிவிட்டு மல்யுத்தத்தில் இறங்கினார்கள். எவன் ஜெயிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இடைவேளையில் பப்ஸ் வாங்கப் போனேன். திரும்பி வந்து வரிசையைக் கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. தியேட்டரில் இருட்டு.

இல்லை. விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். டைரியில் எழுதும்போதாவது உள்ளதை எழுத வேண்டும்.

எங்கள் வரிசைதான் என்று கணக்குப் பண்ணிப் போனேன். பூங்கோதை பாத்ரூம் போயிருந்தாள். வரிசையில் ஒரு பெண் தொப்பி வைத்த ஜாக்கெட் போட்டு நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டினால்தான் என் இடத்துக்குப் போக முடியும்.

"ஏம்மா, கொஞ்சம் வழி உடுங்க" என்றேன்.

அவள் நகரவில்லை. என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. யாரோ பெண் அழுகிறாளே, நான் எதுவும் தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தேன்.

"என்னயத் தெரியிலியாப்பா?" என்றாள்.

வாணி. ஏஸி குளிருகிறது என்று பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான். நான் பெற்ற மகளை "ங்க" போட்டு வழி கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் பாதியைப் பார்க்கவில்லை. எந்த ராஜா ஜெயித்தான் என்று தெரியாது.

மார்ச் 3, செவ்வாய்

ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரி. தலையை ஒரு குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். கடகடவென்று ஒரே சத்தம். டாக்டர் சின்ன வயசுப் பெண். கேள்விகள் கேட்டாள். வாணி போனில் குறித்து வைத்திருந்ததை டாக்டரிடம் காட்டினாள். ஏணியில் தலை சுற்றியதை நான் சொல்லவில்லை. வாணி மரகதத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு மனிதரின் படத்தைக் காட்டி யார் என்றாள். தெரியவில்லை. இன்னொரு படம், இன்னொரு படம். யாரையும் தெரியவில்லை. எல்லாம் பிரபலமான நடிகர்கள் என்று பிறகு வாணி சொன்னாள். பிறகு டாக்டர் படத்தை மறைத்துவிட்டு வெறும் குரலை மட்டும் ஓடவிட்டாள். நான் நடிகர் பெயர், படத்தின் பெயர், எந்தத் தியேட்டரில் யாரோடு போய்ப் பார்த்தேன் என்பதுவரை சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூளையில் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துப் போயிருக்கிறதாம். அன்றைக்கு ஏணியில் வந்தது அதுதானாம். முகங்களைப் பிரித்துப் பார்க்கிற இடம் அங்கே இருக்கிறதாம். கண் பார்க்கிறது, மூளை இன்னார் என்று சொல்ல மறுக்கிறது. நிறம் மங்கியதும், இடது பக்கம் இடித்துக்கொள்வதும் அதே காரணம்தானாம். மறுபடி அடைக்காமலிருக்க மாத்திரை. போனது திரும்புமா என்றேன். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாள். அப்படியானால் இத்தனை டைரக்டர்களையும் நான் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

கண்ணை மூடி வாணியை நினைத்துப் பார்த்தேன். குரல் வருகிறது. சின்ன வயதில் குச்சி ஐஸ் கேட்டு அடம் பிடித்தது வருகிறது. அவள் கையில் இருக்கும் தழும்பு வருகிறது. முகம் வரவில்லை.

மார்ச் 7, சனி

வீட்டில் பேச்சு வார்த்தை. சொல்வதா, மறைப்பதா. அந்தியூரில் சொல்லவே கூடாது என்கிறாள் பூங்கோதை. கல்யாணம் முடியட்டும், அதுவரை நான் பக்கத்திலேயே நின்று இவர் இன்னார் என்று காதில் சொல்லிவிடுகிறேன் என்றாள். "பொண்ணோட அப்பனுக்கு மூளைல கோளாறுன்னு ஒரு பேச்சு கெளம்புச்சுன்னா அப்பறம் யாருங்க வருவாங்க?" என்று கேட்டாள். அவள் பயம் நியாயம்தான். கோளாறு என்ற சொல்தான் எனக்குள்ளே தங்கிவிட்டது.

வாணி சொல்லிவிடலாம் என்கிறாள். மிதுனிடம் தானே சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இது பெரியவர்கள் பேச வேண்டியது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர என்ன செய்வது என்று தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

டிவியில் ஒரு காதல் படம். பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டேன். அந்தப் பெண் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு உடை மாற்றுகிறாள். அவன் எத்தனை பேரைக் காதலிக்கிறான் என்று கோபம் வருகிறது. ஒருத்திதான் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

போன் செய்துவிட்டேன். பூங்கோதை கோயிலுக்குப் போயிருந்தாள். போன் ஒன்றில்தான் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. "அர்த்தநாரி பேசறனுங்க" என்றார். அதைக் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, பஸ் ஸ்டாண்ட், அவர் அண்ணன் கை, தியேட்டரில் வாணி.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது பொண்ணுக்கும் வருமுங்களா?"

சுருக்கென்றது. ஆனால் நான் பையனைப் பெற்றவனாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். பரம்பரை இல்லை, ரத்தக் கொதிப்பால் வந்தது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

கோயிலிலிருந்து வந்த பூங்கோதையிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. விபூதியை என் நெற்றியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மார்ச் 13, வெள்ளி

தகவல் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

தகவல் இல்லை. சிரிப்புப் படம் ஓடுகிறதாம், வாணி போனில் கூப்பிட்டுப் போகச் சொன்னாள். போகவில்லை.

மார்ச் 18, புதன்

மத்தியானம் கடையில் கூட்டமில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்ன வேணுமுங்க, குண்டாவா, போசியா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அர்த்தநாரி வந்துருக்கறனுங்க சம்பந்தி."

இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். மரகதம் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடமும் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். அதை மறைக்காமல் சொன்னார். வீட்டில் அவர் மனைவிக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, பேசிச் சரி செய்துவிடலாம் என்றும் சொன்னார். பங்குனியிலேயே நிச்சயம்.

போகும்போது வாசலில் நின்று, "அன்னிக்குப் பஸ் ஸ்டாண்டுல நானாவது ஒரு வார்த்த பேசீருக்கோணுமுங்க. சிரிச்சுட்டுச் சும்மா நின்னுட்டேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

மார்ச் 29, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. ஒரே களைப்பு. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுதவே இல்லை. நேற்று வாணி நிச்சயத்து வீடியோவைக் கொண்டுவந்தாள். இன்று தியேட்டருக்குப் போகாமல் நானும் பூங்கோதையும் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். படம் என்ற முறையில் என் கருத்தையும் எழுதிவிடுகிறேன்.

நீளம் அதிகம். கதை இல்லை. வசனம் ஒன்றையும் விடாமல் அழித்துவிட்டு மேலே பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை, பெண்கள் அத்தனை பேரும் பட்டுச்சேலை. என்னால் என்ன கண்டுபிடிக்க முடியும்? மாலை போட்டிருப்பது வாணி. அவளைப் பார்த்துக்கொண்டே நிற்கும் ஒல்லிப் பையன் மிதுன். இதுவரைக்கும் சரி. மற்றவர்களைப் பூங்கோதை விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாதியில் ஒரு காட்சி. மண்டபத்து ஓரத்தில் ஒரு மனிதர் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் தொலைந்துபோனவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறார். அந்தியூர்க்காரர்கள் ஒவ்வொருவராக அவரிடம் போகிறார்கள். பெரியவர், சின்னவர், பெண்கள், ஒருவர் பாக்கி இல்லாமல். குனிந்து, கையைத் தொட்டு, அவர் காதருகே ஏதோ சொல்லிவிட்டு நகர்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மனிதருடைய முகம் மலர்கிறது. எழுந்து கும்பிடுகிறார். உட்கார்கிறார். மறுபடி எழுகிறார். முழு வீடியோவிலும் நல்ல காட்சி அது ஒன்றுதான். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"பாவம், பெரியவருக்குக் காது மந்தமாட்ட இருக்குது. யாரு பூங்கோதை இவரு? அவுங்க பக்கத்து ஆளா?" என்று கேட்டேன்.

அவள் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"நீங்கதானுங்க மாமா" என்றாள்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளைச் சட்டை. நரைத்த மீசை. எனக்குத் தெரியாத ஒரு மனிதர். பூங்கோதை என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கலாம்.

முதலிலிருந்து போடச் சொல்லி மறுபடியும் பார்த்தேன். ஆள் மோசமில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.